அறுபது கிலோ ஸ்பிரிங்

பாளையம்பட்டியில் உதயகுமார் வீட்டு வாசலில் மத்தியான வெயில் வெள்ளையாகக் கிடக்கிறது. சுவரோரத்துச் சிறு நிழலில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குதிக்கும் பொய்க்கால்களுக்கு ஸ்பிரிங் மாற்றுகிறான். வில்லாக வளைந்த கறுப்பு பைபர் பட்டைதான் ஸ்பிரிங். பழைய ஜோடியில் ஒன்று நேற்று விரிசல் விட்டுவிட்டது. சாயங்காலம் அருப்புக்கோட்டையில் புது ஜவுளிக்கடை திறப்பு. வாசலில் குதிக்க ஆள் வராவிட்டால் இனிமேல் கூப்பிடப்போவதில்லை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கடைசி நட்டு கிறீச்சென்று இறுகுகிறது. அவன் மனைவி சுவாதி குனிந்து, பட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிறாள்.

"அறுபது கிலோ வரைக்கும்னு போட்டிருக்கு. என்ன எடை சொல்லி வாங்குனீக?"

"என் எடைதான்."

"அது கல்யாணத்துக்கு முந்தி. இப்ப எம்பதைத் தாண்டியாச்சு."

"சோத்தை அள்ளி அள்ளி வச்சது யாரு?"

"தட்டை நீட்டுனது யாரு?"

அவன் ஒரு பொய்க்காலைத் தரையில் ஊன்றி மேலே சாய்கிறான். பட்டை பாதிக்கு மேல் மடங்குகிறது. உடனே நிமிர்ந்துகொள்கிறான். ஒரு மினி பஸ் போகிறது. புழுதி மெல்ல அடங்குகிறது. சுவாதி தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறாள்.

"ஏய், உனக்குக் குதிக்கத் தெரியாது."

"நீங்க தூங்குற மத்தியானமெல்லாம் மாடியில என்ன சத்தம்னு நெனச்சீக?"

அவன் தலையைத் தூக்கி மாடியைப் பார்க்கிறான். பிறகு மண்டியிட்டு, பொய்க்காலின் வாரை அவள் காலில் சுற்றுகிறான். அவள் அவன் கையை விலக்கி, தனக்குப் பழகிய துளையில் தானே மாட்டிக்கொள்கிறாள்.