இறக்கி விடுங்கக்கா

“அக்கா, அவன இறக்கி விடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

அறைக் கதவைப் பாதி திறந்து, ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, தர்ஷிகா குரலை அடக்கிக் கத்தினாள்.

ஹாலில் நின்ற சுப்பம்மா, இடுப்பிலிருந்த கிஷானை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

“இருக்கட்டும் தங்கச்சி. நீங்க மீட்டிங்கப் பாருங்க.”

கதவு மூடிக்கொண்டது.

தர்ஷிகாவுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில், கட்டுகலையில் மாடி வீட்டிலிருந்தபடியே வேலை. காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தினால் ஒன்று முடிய ஒன்று மீட்டிங். சாயங்காலம் சுப்பம்மா கிளம்பும்போதும் ஹெட்செட்டோடுதான் வந்து பிள்ளையை வாங்குவாள். கணவன் யுகேஷுக்குக் கொழும்பில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பன்விலயிலிருந்து ரெண்டு பஸ் ஏறி வரும் சுப்பம்மா மட்டும் இல்லையென்றால் இந்த வேலை என்றைக்கோ போயிருக்கும். அது தர்ஷிகாவுக்கும் தெரியும்.

ஆனால் இந்த வாரம் சுப்பம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது.

போன வாரம் வரைக்கும் கிஷான் வீடு முழுக்கத் தவழ்ந்தான். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். திங்கட்கிழமையிலிருந்து அவனைத் தரையில் விடுவதே இல்லை. சோறு ஊட்டும்போதும் இடுப்பு. துணி காயப்போடும்போதும் இடுப்பு. அவன் காலை உதைத்து இறங்கத் துடிப்பான், இவள் விடமாட்டாள்.

“கீழ விட்டா பின்னாலயே போகணும்ல, அதான் சோம்பேறித்தனம்” என்று தர்ஷிகா யுகேஷிடம் போனில் பொருமினாள்.

“நாள் பூரா தூக்கி சுமக்குறதுல என்னடி சோம்பேறித்தனம்?”

“உங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

புதன்கிழமை வீட்டுக்கு வந்த மிட்வைஃப் கிஷானின் கார்டைப் பார்த்துவிட்டு, “பதிமூணு மாசமாச்சு, இன்னும் நடக்கலையா? எந்நேரமும் தூக்கி வச்சிருந்தா கால் எப்படிப் பழகும்?” என்று கேட்டாள். தர்ஷிகாவின் முகம் தொங்கிப்போயிற்று. அன்று சாயங்காலமும் வழக்கம்போல, மிச்ச வேலையை முடித்து அவன் தூங்கிப்போகும்வரை கிஷானை மடியை விட்டு இறக்காமல் வைத்துக்கொண்டே, டேகெயார்களின் நம்பர்களைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி மீட்டிங் கடைசி நேரத்தில் ரத்தானது. தர்ஷிகா வெளியே வந்தாள்.

ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையால் முதுகை அழுத்தியபடி ஜன்னலோரம் நின்றிருந்தாள் சுப்பம்மா. தர்ஷிகாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“அக்கா, திங்கக்கிழமையிலருந்து நீங்க வர வேணாம். டவுன்ல டேகெயார் ஒண்ணு பாத்துட்டேன்.”

சுப்பம்மா சண்டை பிடிப்பாள் என்று நினைத்தாள். அவளோ பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“சரிங்க தங்கச்சி. மீட்டிங்கெல்லாம் முடிஞ்சிருச்சுங்களா?”

“இன்னிக்கு இனி ஒண்ணும் இல்ல.”

“அப்ப அந்த செவத்தோரமா ஒக்காருங்க. போன்ல வீடியோ எடுங்க.”

“எதுக்கு?”

“ஒக்காருங்களேன்.”

தர்ஷிகா புரியாமலே உட்கார்ந்தாள். சுப்பம்மா கிஷானை மெதுவாகத் தரையில் நிறுத்தினாள். அவன் அவளுடைய சேலையைப் பிடித்து நின்றான். அம்மாவைப் பார்த்தான். சேலையை விட்டான்.

ஒரு அடி. இன்னொரு அடி. கையை விரித்துத் தள்ளாடி, ஆறேழு அடி வைத்து, அம்மாவின் மடியில் வந்து பொத்தென்று விழுந்தான்.

“நடக்குறான்! அக்கா, எம் புள்ள நடக்குறான்!”

போன் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகைக்கு நடுவிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“இறக்கி விட்ட ஒடனே நடக்குறான் பாத்தீங்களா? இதத்தானே வாரம் பூரா சொன்னேன்!”

“ஆமாங்க” என்றாள் சுப்பம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பையை எடுத்து, படியிறங்கிப் போய்விட்டாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தர்ஷிகாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கிஷானைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுப் பாலாம்பிகையிடம் ஓடினாள்.

“அன்ட்டி, கிஷான் நடந்துட்டான்! இப்பத்தான், மொத மொதல்ல!”

“அப்பாடா, பாத்துட்டியா? அஞ்சு நாளா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்!”

“என்ன சொல்றீங்க?”

“திங்கக்கிழமையே இந்த முத்தத்துல ரெண்டடி வச்சானே. உன்னக் கூப்புடப் போனேன். நீ மீட்டிங்ல இருக்கேன்னு சுப்பம்மா என் கையப் புடிச்சுக்கிட்டா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்காத குறை. அன்னிக்கு அவனத் தூக்கினவதான், அப்புறம் கீழயே விடல.”

தர்ஷிகாவுக்குச் செருப்பு மாட்டக்கூடத் தோன்றவில்லை. பிள்ளையோடு ரோட்டுக்கு ஓடினாள். நல்லவேளை, பஸ் வந்திருக்கவில்லை; சுப்பம்மா அங்கேயே நின்றிருந்தாள்.

“அக்கா, திங்கக்கிழமை வந்துருங்க. என்னைய என்ன வேணும்னாலும் ஏசுங்க. ஆனா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

சுப்பம்மா கிஷானின் பிஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் மகள தேயிலத் தோட்டத்துல, புள்ளைகளப் பாத்துக்குற புள்ளக்காம்பராவுல விட்டுட்டுத்தான் தங்கச்சி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவேன். ஒரு நாள் சாயங்காலம் தூக்கப் போனப்ப, ‘ஒம் மக இன்னிக்கு நடந்துட்டா’ன்னு அங்கன உள்ள ஆயம்மா சொல்லுச்சு. நீங்க அத யார் வாயாலயும் கேக்கக் கூடாதுன்னுதான் தூக்கி வச்சிருந்தேன்.”