காலி நாற்காலி

மும்பை கோரேகாவ் படப்பிடிப்புத் தளத்தில் தெர்மாகோல் பனிமலை தயாராக நின்றது. உதவி இயக்குநர் கேத்கி துணை நடிகர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்ற ஒருவனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், இங்க என்ன வேடிக்கை? சீனச் சிப்பாய்ங்க எல்லாம் அந்தப் பக்கம்!"

"மேடம், நான் வந்து..."

"உனக்கு வசனமே கிடையாதுப்பா. ஹீரோ சுட்டதும் விழணும், அவ்வளவுதான்."

அவன் மறுபடி வாய் திறப்பதற்குள் உடம்பில் சீருடையும் தலையில் தொப்பியும் ஏறின.

கேப்டன் வேடமிட்ட நட்சத்திர நடிகர் நான்கு முறை சுட்டார். நான்கு முறையும் அவன் விழுந்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்..."

"செத்தவன் பேசக்கூடாது!"

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிஜக் கேப்டனோட மகன் இன்னுமா வரல? மாலை வாடுது, அவருக்குப் போட்ட நாற்காலி காலியா கிடக்கு. நாகாலாந்துலேர்ந்து டிக்கெட் போட்டுக் கூப்பிட்டிருக்கோம் கேத்கி!"

"வாசல்ல ஆள் நிறுத்தியிருக்கேன் சார். அப்படி யாரும் வரலையாம்."

"படத்தோட கடைசியில காட்ட, அப்பா போட்டோ கொண்டு வரேன்னாரே..."

விழுந்து கிடந்தவன் எழுந்தான். மேலே ஒட்டியிருந்த போலிப் பனியைத் தட்டினான். தொப்பியைக் கழற்றிக் கேத்கியிடம் கொடுத்துவிட்டு, உள்சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினான்.

இந்திய ராணுவ உடையில் ஓர் அதிகாரி. இவனுடைய அதே கண்கள், அதே கன்னம்.



"எங்க அப்பாவே நேர்ல வந்திருந்தாலும், அந்தப் பக்கம்தான் போகச் சொல்லியிருப்பீங்க, இல்ல மேடம்?" என்றான் அவன்.