எட்டாம் மதகு

கீழ்வேளூரில் வீட்டிலிருந்தபடியே சுடர்விழி நடத்தும் இணைய வானொலியை, ஜெர்மனியில் இருக்கும் ஒரு சர்வர்தான் ஒலிபரப்புகிறது. வாய்க்காலில் எந்த மதகை எப்போது திறப்பார்கள் என்று அவள் பேசி ஏற்றிவிட்டால் போதும், காலை ஏழு மணிக்கு சாஃப்ட்வேர் தானே எடுத்துப் போட்டுவிடும். மூன்று வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று ஏழேகாலுக்கு, வாய்க்கால் முடியும் கடைமடையிலிருந்து பொன்னுத்தாய் போன் செய்தாள்.

“ஏன்டி சுடரு, எட்டாம் மதகு இன்னிக்குத் திறக்குறாங்கன்னியே, அது எங்கடி இருக்கு?”

“நம்ம வாய்க்காலுக்கு ஏழு மதகுதானே அத்தை. ஏழு வரைக்கும்தான் சொன்னேன்.”

“உன் குரல் எனக்குத் தெரியாதா? பயிரு பொதி வந்து, கதிரு வெளிய வர்ற நேரத்துல நிக்குது. ரெண்டு நாள்ல தண்ணி பாயலன்னா அத்தனையும் பதருதான். விளையாடாத.”

சுடர்விழி சர்வரைத் திறந்து பார்த்தாள். அவள் ஏற்றிய பதிவு நாற்பது விநாடி. ஒலிபரப்பானதோ நாற்பத்தாறு.

“சாஃப்ட்வேர் கோளாறு அத்தை. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்” என்றாள், மூன்று வருஷம் நடத்திப் பழகிய தைரியத்தில்.

பத்து மணிக்குப் பொன்னுத்தாய் மறுபடி கூப்பிட்டாள்.

“எதையும் சரி பண்ணித் தொலைக்காதடி! வயல்ல கணுக்கால் அளவு தண்ணி.”

“மேற்கே யாராவது மதகைத் தூக்கியிருப்பாங்க.”

“மேக்க வாய்க்கால் காஞ்சு கெடக்கு. இது கிழக்கேருந்துல்ல ஏறி வருது.”

கிழக்கே கடல்தான் இருக்கிறது.

“அத்தை, உப்புத் தண்ணி! மடைய அடைங்க!”

“வாயில ஊத்திப் பாத்துட்டேன்டி” என்றாள் பொன்னுத்தாய். “இனிக்குது.”