கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

“எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடு தம்பி.”

ஸ்கேன் எடுப்பவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்றது என் வேலை இல்லக்கா. டாக்டர் பார்த்துச் சொல்வாங்க. அதுக்குள்ள நீங்க ஏன் உயிரை விடுறீங்க?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எம்.ஆர்.ஐ. குழாய்க்கு வெளியே அவள் கணவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இடது கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. வீட்டில் படுத்தாலும் அப்படித்தான். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், இன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிவிட்டார். தூக்கம் தொலைத்தது அவள்தான்.

“மூச்சை நல்லா இழுங்க... அப்படியே அடக்குங்க” என்றான் அவன் மைக்கில். அவளும் சேர்ந்து அடக்கிக்கொண்டாள்.

“இப்ப கை நரம்புல மருந்து ஏறுதுக்கா. கல்லீரல்ல கேன்சர் கட்டி இருந்தா, மருந்து போனதும் முதல்ல அதுதான் பளிச்சுனு தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா, சுத்தியும் வெளிச்சமா இருக்க, அது மட்டும் கறுத்துப் போயிருக்கும். பெரும்பாலும் அதை வெச்சே டாக்டர் கண்டுபிடிச்சுடுவாங்க.”

திரையில் வெள்ளையாக ஏதோ மின்னியது. அவள் எழுந்தே விட்டாள்.

“அது... அது என்னப்பா?”

“ரத்தக்குழாய்க்கா. எல்லாருக்கும் இருக்கிறதுதான்.”

அவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மதியம் டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். படங்களை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கல்லீரல் பளிங்கு மாதிரி இருக்கு. கட்டியும் இல்லை, கொழுப்பும் இல்லை.”

கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவளோ கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு விம்மினாள்.

“நல்ல சேதிக்குப் போய் யாராவது அழுவாங்களாம்மா?”

“அவ அப்படித்தான் டாக்டர், எதுக்கெடுத்தாலும் கண்ணைக் கசக்குவா” என்று சமாளித்தார் கணவர். “அப்போ எங்க அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம் இல்லையா?”

“தாராளமா. அவரோட கேன்சர் இன்னும் கல்லீரலைத் தாண்டலை. அவர் கல்லீரலை எடுத்துட்டு, உங்களோடதுல பாதியை வெட்டி அவருக்கு வெச்சுடலாம்.”

வெளியே வந்ததும் அவள் அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாணமான நாளா உங்களைக் குறை சொல்லிட்டே இருக்கேன். இன்னிக்கு ஒரே ஒரு குறை நிஜமாவே இருந்திருந்தா, உங்களை அறுக்காம என்கூட வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களே!”