ஆரஞ்சு ஜாக்கெட்

டாக்டர் நடக்கச் சொல்லியும், குளிரைச் சாக்கு வைத்துப் பேக்கரியிலேயே உட்கார்ந்துவிடும் கணவரை, மனைவி குளிர்கால ஜாக்கெட் கடைக்கு இழுத்து வந்தாள். பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இதுதாங்க! நீங்க நடக்கறது பால்கனியிலேர்ந்தே எனக்குத் தெரியணும்."

அவர் முணுமுணுக்கக்கூட இல்லை.

"சரிம்மா. தலையை மூடுற மாதிரி, ரெண்டு சைஸ் பெரிசா எடு."

"தொளதொளன்னு இருக்குமே?"

"உள்ளே ஸ்வெட்டர் போடணும்ல?"

மறுநாள் காலை ஆரஞ்சு ஜாக்கெட் பால்கனிக்கு எதிரே இருந்த பூங்காவை விறுவிறுவென்று ஐந்து முறை சுற்றியது. மனைவிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், பசிக்குமே என்று பன் வாங்கப் பேக்கரிக்கு ஓடினாள்.

அங்கே அவர் வெறும் சட்டையில் நடுங்கியபடி டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே பூங்காவில், ஆறாவது சுற்றில் வியர்த்துப்போய், தலையை மூடியிருந்த ஜாக்கெட் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார், பீமன் மாதிரி இருக்கும் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். ஜாக்கெட் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.