கேள்வி கேட்காத செட்டப்

பட்டாசு கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகிவிட்டு, உட்கார முடியாமல் எழில் எழுந்து நின்றாள்.

திரையில் இரண்டு செட்டப் ஃபைல்கள். இரண்டுக்குள்ளும் இருப்பது அவளும் தொழில் கூட்டாளி ஹரிபிரசாத்தும் சேர்ந்து எழுதிய ஒரே மென்பொருள்தான். பட்டாசு கம்பெனியில் யார் எந்த அறையில் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கூலி எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது. கட்டிக் கொடுத்த விதம்தான் வேறு வேறு.

செட்டப் கட்டுவதற்கு முதலில் பார்த்த டூல் பாதி வழியில் இன்டர்நெட்டைத் தேடியது. ஆனைக்குட்டம் தாண்டி இருக்கிற இந்தப் பொட்டலில் அதற்கு எங்கே போவது? அதைத் தலைமுழுகியாயிற்று.

இரண்டாவது டூல் சாது. பக்கம் பக்கமாகத் திறந்து, இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேட்கும். வேண்டாததற்கு டிக்கை எடுத்துவிடலாம். மூன்றாவது வாயே திறக்காது. மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி உள்ளே இறக்கிவிடும்.

முதலாளி ராஜபாண்டியனுக்கு வேண்டாதது ஒன்றே ஒன்றுதான். மணி.

வெடிமருந்து கையாளுகிற மருந்து அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் பதிவானால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அந்த ஆளை எடுக்கும்வரை நிற்காது, கூலிக் கணக்கும் திறக்காது. எழில் அடம்பிடித்துச் சேர்த்தது அது. அறையில் ஆள் கூடினால், தீப்பிடிக்கிறபோது ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்களே தவிர வாசலுக்கு வர மாட்டார்கள். அவள் வளர்ந்த தெருவில் இது தெரியாத பிள்ளை கிடையாது.

சீசன் நேரத்தில் மணியும் கிணியும் சரிப்படாது, எடுத்துவிடுகிற மாதிரி கொண்டு வா என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வந்ததும் காபி வரவழைத்துக் கொடுத்தார். அவருக்குப் பிடித்துப்போனால் அவருடைய சொந்தபந்தத்தில் இருக்கிற அத்தனை கம்பெனியும் வாங்கும். பிடிக்காமல் போனால் ஹரிபிரசாத் பழையபடி வேலை தேடிச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான், எழிலும் கூடவே. கேட்டதைக் கொடுத்துவிட்டு வா, வீம்பு பிடிக்காதே என்று கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

சாதுவின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள்.

டிக்கை எடுக்க ஒரு கண்சிமிட்டல் போதும். எடுத்த பிறகு அங்கே ஒரு மணி இருந்ததே யாருக்கும் தெரியாது. அதை நினைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாயே திறக்காத மற்றதை இரண்டு தட்டு தட்டினாள்.

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. ராஜபாண்டியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“டிக் எங்கம்மா?”

“இதுல கிடையாதுங்கய்யா. மணியோட சேர்த்துத்தான் வரும்.”

அவர் நிமிர்வதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

எழிலே இதை எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை புதிதாகப் பதிய ஆரம்பித்த பிறகுதான் அடிக்கும் என்று நினைத்திருந்தாள். அதுவோ அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த கணக்கிலிருந்து இன்றைய பதிவைத் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. அறைக்கு அறை கூலி மாறும் என்பதால் போர்மேன் முனியராஜ் ஆட்களை உள்ளது உள்ளபடி பதிந்து வைத்திருந்தார். மூன்றாவது மருந்து அறையில் ஐந்து பேர்.

சனிக்கிழமை. கூலி வாங்குவதற்காக ஜன்னலோரம் வந்து நின்றிருந்த சனம் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தது. ஐந்து பேர் இருக்கிறார்களாம் என்று யாரோ சொன்னது உள்ளே கேட்டது. இத்தனை பேர் பார்க்கும்போது மணியைப் பிடுங்கிப் போடச் சொல்ல ராஜபாண்டியனுக்கு வாய் வரவில்லை. எழிலை முறைத்துவிட்டு, அந்த அறையில் கடைசியாக வந்து சேர்ந்த ஆளைக் கூட்டிவரச் சொல்லி முனியராஜை அனுப்பினார்.

ஆர்டர் போனாலும் போகட்டும், ஒரு உயிரையாவது வெளியே கொண்டுவந்தாயிற்று என்று எழிலுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

முனியராஜ் ஒரு பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி. புருவத்திலும் அதே வெள்ளி நிறம். பெட்டி ஒட்டுகிற செட்டில் இருந்தவள், கூலி கூட வரும் என்று போன வாரம் தானாகக் கேட்டு மருந்துக்கு மாறியவள் என்று முனியராஜ் சொன்னார்.

“பேரைக் கேட்டு எடுத்து விடும்மா. காது கொடையுது.”

எழில் கேட்கவில்லை.

அந்தப் பொம்பளை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முதலாளியைப் பார்த்தாள், பிறகு எழிலைப் பார்த்தாள்.

“சோலையம்மான்னு இருக்கும், பாருங்க மேடம்.”

நீ யார் மகள் என்று தெரிந்தால் ஆர்டர் கொடுக்க யோசிப்பார்கள், கம்பெனிக்குள் என்னைப் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று எழிலிடம் நேற்றே சொல்லிவைத்தவள். மருந்துப் பக்கம் போகவில்லையே என்று காலையில் எழில் கேட்டபோது, ஒம்மேல சத்தியமா இல்லத்தா என்று அவள் தலையில் கைவைத்துவிட்டு வேன் ஏறிப் போனவள்.

எழில் தன் அம்மாவின் பெயரைத் தேடி எடுத்தாள். மணி நின்றது.