ஏரிக்கரைப் பலகை

"பானையைக் கீழே வை!"

எர்னஸ்ட் வாத்தியார் போட்ட சத்தத்தில் கரையோரக் கொக்குகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. கொக்கை யாரும் விரட்டக் கூடாது என்பதும் அவருடைய கொள்கைதான். அன்றைக்கு அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

செங்கம்மா பானையைக் கீழே வைத்தாள். உள்ளே விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள், நூற்றுக்குக் குறையாது.

"பலகையில என்ன எழுதியிருக்கு? குஞ்சு மீன் பிடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியாட்டியும் ஊரே சொல்லுதே, காதுல விழலையா?"

"அய்யா, அது வந்து..."

"பேசாதே!"

எர்னஸ்ட் சித்தூரில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ் ஏறி, இந்த ஏரி இருக்கிற புத்தலப்பட்டில் வந்து இறங்குவார். கையில் தூண்டில், தோளில் பை, வாய் நிறைய யோசனை.

எருமையை ஏரியில் இறக்காதே, மீனுக்கு மூச்சு முட்டும். வரப்பைக் கொளுத்தாதே, கௌதாரி முட்டை கருகிப் போகும். நீர்நாயைக் கல்லால் அடிக்காதே, அதுவும் கர்த்தர் படைத்ததுதான். ஏர் ஓட்டுகிறவனை நிறுத்தி வைத்துச் சொல்வார். பல் துலக்குகிறவனிடமும் சொல்வார். அவனால் பதில் பேச முடியாது என்பது இன்னும் வசதி.

தூண்டிலை வீசிவிட்டால் மட்டும் அவர் பேச்சு நின்றுவிடும். கரையில் மற்றவர்களும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டால் மீன் கடிக்காதாம்.

கரையில் அவர் அந்தப் பலகையை நட்டு நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கோடையில் ஏரி வற்றினால், மறுவருஷம் தூண்டிலில் தவளைதான் மாட்டும். பலகை நட்ட பிறகு மீனோ மீன்! சர்க்கார் மீன் இலாகாவுக்கு இதைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதிப் போட்டார். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

"நட, முனிசீப்புகிட்ட!"

கிராம முனிசீப் நாகபூஷணம் வேப்பமரத்தடியில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அதற்குள் வாத்தியார் ஆரம்பித்துவிட்டார்.

"ஏரி உள்வாயில இவளுக்கு வெள்ளரி போட இடம் விட்டீங்களே, அதை இன்னைக்கே பிடுங்குங்க. அப்பத்தான் மத்தவங்களுக்கும் பயம் வரும்!"

வற்றின ஏரிக்குள் இருக்கும் அந்தத் துண்டுக் கொல்லைதான் கோடை மூன்று மாதமும் செங்கம்மாவுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் கஞ்சி ஊற்றுவது.

"முனிசீப் அய்யா, நான் ஒரு வார்த்தை..."

"நாலு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காப்பாத்தின மீன் சார் இது! வாரிக்கிட்டுப் போய்க் கருவாடு போடறா!"

நாகபூஷணம் வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். "ஏம்மா, இதுக்கு முன்னாடியும் எடுத்திருக்கியா?"

"எடுத்துக்கினுதான் இருக்கேன் அய்யா. நாலு வருஷமா."

"கேட்டீங்களா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா!"

"அவுனா, அப்படியா? எங்கேம்மா வெச்சிருக்கே?"

"எங்க கொல்லைமேட்டுக் கிணத்தாண்ட."

"அங்கதான் காயப் போடறா. வாங்க, கையும் களவுமா காட்டறேன்," என்று வாத்தியார் முன்னால் நடந்தார்.

கிணற்று மேட்டில் கருவாடு இல்லை. காய்ந்த சருகுதான் கிடந்தது. செங்கம்மா பானையைச் சரித்து, குஞ்சுகளைப் பதமாகக் கிணற்றுக்குள் விட்டாள். நாகபூஷணம் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் அங்கங்கே வெள்ளி வெள்ளியாய் மின்னியது.

"ஏம்மா, இந்த உப்புக் கிணத்துல எதுக்கு விடறே?"

"வெள்ளரிக்கு ஏரிக் குட்டையிலதான் அய்யா தண்ணி மொள்றேன். நான் மொள்ள மொள்ள குட்டை சுருங்கிப் போவுது, குஞ்சுங்க சேத்துல கெடந்து துடிக்குது. அத்தப் பாத்துக்கினே செடிக்கு ஊத்த மனசு வரல. இந்தத் தண்ணி செடிக்குத்தான் ஆவாது, மீனுக்கு ஆவுது. அதான் இங்க கொணாந்து வுட்றேன்."

"அப்புறம்?"

"மழை பேஞ்சு ஏரி ரொம்பினதும் கூடையை எறக்கி, புடிச்சுத் திரும்ப ஏரியில வுட்டுடுவேன். பலகை நட்டாங்களே, அந்த வருஷம்தான் எனக்கு நீங்க இடம் வுட்டீங்க. அப்போலேர்ந்து செய்றேன்."

நாகபூஷணம் வருஷங்களை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து வாத்தியாரைப் பார்த்தார். பிறகு செங்கம்மா பக்கம் திரும்பினார்.

"உன் கொல்லையை யாரும் தொட மாட்டாங்க, நீ போம்மா," என்றார்.

எர்னஸ்ட் கிணற்றுக்குள் பார்த்தபடியே நின்றார். பலகையின் பெருமை பேசிய அந்தப் பதினோரு பக்கமும் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏம்மா," என்றார். "நாலு வருஷத்துல ஒரு தடவையாவது இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

செங்கம்மா காலிப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க தூண்டில் போட்டுக்கினு இருக்கறப்போ நாங்க பேசக் கூடாது. மத்த நேரமெல்லாம் நீங்களே பேசிக்கினு இருக்கீங்க. நடுவுல எப்ப அய்யா சொல்றது?"